இரண்டு டப்பாக்கள்

பிப்ரவரி 9, ஞாயிறு

எழுந்ததும் முதல் வேலையாக மூடி இறுக்கமாக இருக்கும் எவர்சில்வர் டப்பாவைத் தேடி எடுத்துக் கழுவி, ஜன்னல் திட்டில் வெயில் படும் இடத்தில் கவிழ்த்து வைத்தேன். துளி ஈரம் இருந்தாலும் புளிமிளகாய் பூத்துவிடும். போகிற தூரம் அப்படி.

நாளை விடியற்காலை அபிக்கு ரயில். ஒரு மாத விடுப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. வந்த முதல் நாள் கதவைத் திறந்ததும் என் கண்ணாடியைக் கழற்றித் தன் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டிவிட்டான். "இப்ப நல்லா பாருங்க சித்தி, இளைச்சிருக்கேனா?" இளைக்கவில்லை. தோள் அகன்றிருக்கிறது. காலாட்படையில் அதற்குத்தான் சோறு போடுகிறார்கள் போலும்.

வழக்கம்போல விடுப்பின் கடைசிச் சனிக்கிழமை பூந்தமல்லியில் பாசித் வீட்டுக்குப் போனான். பள்ளிக்கூடத்திலிருந்தே இருவரும் சேர்ந்துதான். திரும்பும்போது, வழக்கம்போல, கையில் கருவாட்டுத் தொக்கு. "பாசித் அம்மா குடுத்தாங்க" என்பான். எங்கள் வீட்டு அடுப்பில் மீன் ஏறியதில்லை. நான் திருநெல்வேலியில் சைவ வீட்டில் பிறந்தவள். கல்யாணத்தின்போது நான் கேட்காமலே ஜெயராமன் கொடுத்த வாக்கு அது. அப்பாவும் பிள்ளையும் வெளியே பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பாக்கைப் போட்டுக்கொண்டு நல்ல பிள்ளைகளாக வந்து நிற்பார்கள். கருவாட்டு டப்பா ராத்திரி முழுக்க பால்கனியில், செருப்பு அலமாரிக்கு மேலேதான்.

"நாலு கவர் சுத்திட்டேன் சித்தி. உங்க புளிமிளகாய்க்குத் தீட்டு ஒட்டாது."

எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பிப்ரவரி 10

காலை சென்ட்ரல். ரயில் போன பிறகும் ஜெயராமன் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அப்படியே வேலப்பன்சாவடி வந்து, நான் வேலை பார்க்கும் காலேஜ் லைப்ரரியைத் திறந்தேன். மாணவிகள் சத்தமாகப் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

அபி கூப்பிட்டான். சிக்னல் கிடைக்க ஒரு பாறை மேல் ஏற வேண்டுமாம். பின்னால் காற்றுச் சத்தம். புளிமிளகாய் பாதி தீர்ந்துவிட்டது என்றான்.

மாலையில் பட்டாபிராம் சைடிங்கில் ராணுவ வண்டிகளை ஏற்றிய கூட்ஸ் ரயில் நின்றது. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு எட்டு வயது. அப்போதெல்லாம் அந்தக் கம்பிவேலியில்தான் தொங்கிக்கொண்டிருப்பான். ஒரு சிப்பாய் ஒருமுறை வேலிக்கு மேலாக ஒரு பிஸ்கட் பொட்டலத்தை வீசினாராம். அதைப் பிரிக்காமல் எத்தனையோ மாதம் வைத்திருந்தான். எறும்பு மொய்த்த பிறகுதான் தூக்கிப்போட விட்டான்.

அந்த முதல் வாரம் அவன் என்னைக் கேட்டது இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது. விருந்தாளியிடம் கேட்பதுபோல மரியாதையாக: "நீங்க எப்ப போவீங்க?"

போகமாட்டேன் என்றேன்.

"அப்ப உங்க கண்ணாடிய என் மேஜையிலயே வெச்சிக்கலாம்" என்றான். முப்பது வயதில், இனி எதுவும் அமையாது என்று இருந்தவளுக்கு, ஒரு மேஜையில் கண்ணாடி வைக்கும் அளவு இடம். அது போதுமாக இருந்தது. அதில்தான் எல்லாம் தொடங்கியது.

ஜூன் 8, ஞாயிறு

போன் வரவில்லை. எல்லையில் மறுபடி பீரங்கிச் சண்டை என்று டிவியில் கத்துகிறார்கள். ஜெயராமன் சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுத்து ஓடுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 10

அம்பத்தூர் ஃபேக்டரியில் இன்று ஜெயராமன் கையில் லேசாக வெட்டிக்கொண்டு வந்தார். மிஷினில் இருபது வருடமாக நிற்கிற மனிதர். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன்.

ஜூன் 12

இன்னிக்கு மத்தியானம் லைப்ரரிக்கு ரெண்டு பேர் வந்தாங்க. யூனிஃபார்ம்ல. ஆவடியிலேர்ந்து. வீடு பூட்டியிருந்துச்சுன்னு பக்கத்துல விசாரிச்சிட்டு வந்திருக்காங்க. நான் எழுந்து நின்னு, என்ன புக் வேணும்னு கேட்டேன்.

என்ன புக் வேணும்னு கேட்டேன் அவங்கள.

ஜூன் 15, ஞாயிறு

எழுதிவிட வேண்டும். மறந்துவிடுவேன் என்பதால் அல்ல. இன்று செய்தவர்களையெல்லாம் நான் பார்த்தேன் என்பது எங்காவது இருக்க வேண்டும்.

தெருமுனை ஆட்டோக்காரர்கள் விடியும் முன்பே வண்டிகளை எடுத்துவிட்டு, ராணுவ லாரி திரும்ப இடம் விட்டிருந்தார்கள். மேல்வீட்டு ஐ.டி. பையன்கள், ஒருநாளும் நின்று பேசியிராதவர்கள், கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். படி இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்ட சிப்பாய் அபியைவிடச் சின்னவன்.

பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று அதிகாரி ஜெயராமனிடம் மெதுவாகச் சொன்னார். வாய்க்கரிசியோடு நின்ற பெண்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொடியை எடுத்த பிறகு வெறும் மரமூடியின் மேல் போட்டோம். அரிசி மரத்தில் பட்டு உருண்டது. அந்தச் சத்தம்.

அதிகாரி கொடியை மடித்து என் கையில் வைத்தார். எல்லோரும் என்னை அம்மா என்றார்கள். கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்தவர், டிவிக்காரர், சுடுகாட்டில் வேலை செய்பவர், எல்லோரும். அவன் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் எதிர்பார்த்ததும் இல்லை. சித்தி என்று அவன் சொன்னால் அதற்குள் எல்லாம் இருக்கும்.

போலீஸ் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றாள். அழவில்லை, கத்தவில்லை. வலது கையை மட்டும் இறுக்கி மூடி நெஞ்சோடு வைத்திருந்தாள். ஏன் அவள் ஞாபகம் வருகிறதோ.

ஜூன் 27

காரியம் முடிந்தது. ஜெயராமனின் அத்தை பஞ்சவர்ணம் சாப்பாட்டு இலையில் உட்கார்ந்தபடி, பெத்தவளுக்குச் சொல்லியனுப்பினீங்களா என்று கேட்டுவிட்டார்.

"புள்ளைய உட்டுட்டு ஏரோப்ளேன் ஏறுனவளுக்கு இன்னா சொல்றது?" என்றார் ஜெயராமன்.

ராணி. அபிக்கு நாலு வயதில் துபாய்க்கு வீட்டுவேலைக்குப் போனவள். வேண்டாம் என்று இவர் சொல்லியும் போனாள். திரும்பியபோது வக்கீல் நோட்டீஸ்தான் இருந்தது. பிள்ளை இங்கேயே தங்கிவிட்டான். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவர் சொன்னதுதான். ஒரு போட்டோகூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் கிழித்துவிட்டார். உயிரோடு இருக்கிறாளா, எங்கே இருக்கிறாள் என்றுகூட நான் கேட்டதில்லை.

ஜூலை 13

பக்கத்து வீட்டிலிருந்து தினமும் தயிர் வருகிறது. இன்னும் நிறுத்தவில்லை. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி சொல்ல வாயெடுத்தால் பேச்சை மாற்றுகிறார்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று இருதயராஜ் வந்தார். அபியின் செக்‌ஷனில் நாயக் பதவியில் இருப்பவர். கன்னியாகுமரிப் பக்கம், கடலோர ஊர். ஆஸ்பத்திரியிலிருந்து விடுப்பில் போகிறவர், ரெஜிமெண்டில் கேட்டு அபியின் சாமான் பெட்டியைத் தானே கொண்டுவந்தார். தொடையில் காயம், கையில் ஊன்றுகோல். கூட வந்த சிப்பாய் பெட்டியைக் கூடத்தில் இறக்கினான். கறுப்புத் தகரப் பெட்டி, மேலே வெள்ளைப் பெயின்டில் நம்பரும் பெயரும். ஜெயராமன் அதைப் பார்த்ததும் காபிக்குப் பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். பால் வீட்டில் இருந்தது.

குண்டு விழுந்தபோது அபி இருதயராஜைத் தோளில் தூக்கி ஓடி, பதுங்குகுழியில் இறக்கினான். வெளியே இன்னொருவன் கிடந்தான். அவனுக்காகத் திரும்பினான். நடந்ததை இவ்வளவுதான் சொன்னார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"தூக்கிட்டு ஓடும்போது ஏசிக்கிட்டே வந்தாம்மா. 'இன்னா வெயிட்டு அண்ணாத்தே, என் தொக்கு பூரா உன் வவுத்துலதான் கீது'ன்னான். எனக்கு அந்த வலியிலயும் சிரிப்பு."

மெட்ராஸ் பாஷையை அவர் தன் ஊர் ராகத்தில் சொன்னார். ஆனாலும் அபியின் குரல் கேட்டுவிட்டது.

"நான் கடற்கரைக்காரன்மா. கருவாட்ட ருசி பாத்தே வளந்தவன். மேல பனியில சப்பாத்தி தொண்டையில இறங்காது. டூட்டி முடிஞ்சு வந்தா அபி டப்பாவத் திறப்பான், ஆளுக்கு ஒரு ஸ்பூன். உங்க கைக்கு ஒரு ருசி இருக்கும்மா. அவன் செஞ்சதுக்கு என்ன சொல்லி நன்றி சொல்லன்னு எனக்குத் தெரியல. அதனால தொக்குக்குச் சொல்லிட்டுப் போறேன்."

எழ முடியாமல் எழுந்து என்னைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். நான் செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 18

ராத்திரி ஜெயராமன் தூங்கப் போனதும் பெட்டியைத் திறந்தேன். ஸ்வெட்டர், ஷேவிங் செட், போன். அடியில் இரண்டு டப்பாக்கள். என்னுடையது காலி, கழுவித் துடைத்து வைத்திருக்கிறான். மற்றதில் கால்வாசி மிச்சம், மேலே எண்ணெய் கட்டி நிற்கிறது.

என்னுடையதை முதலில் தீர்த்துவிட்டு, அதை மிச்சம் பிடித்துச் சாப்பிட்டிருக்கிறான். அதனால் என்ன? கருவாடு நாள்பட இருக்கும். அவ்வளவுதான். ஆனாலும் இதை யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வெட்கமில்லாமல்.

பாசித்தின் அம்மாவுக்குச் சேர வேண்டிய நன்றி என்னிடம் வந்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

டப்பாவோடு பூந்தமல்லி போனேன். பாசித்தின் அம்மா சைனம்பு என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, டீ வைக்கச் சொல்லிவிட்டு, உட்கார வைத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கருவாடா? எங்க ஊட்லயா?" அழுகை நின்றுவிட்டது. "எங்க ஊட்டுக்காரரு நஜீர் பாய்க்கு அந்த வாசனையே ஆவாதும்மா. தெருல வித்துகினு போனாலே கதவச் சாத்திக்குவாரு. இன்னா பாசித், நான் எப்போடா குடுத்தேன்?"

பாசித் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அப்டி சொல்லச் சொன்னதே அவன்தான் ஆன்ட்டி. பாரிவாக்கத்துல அவங்கம்மா ஊடு கீது. ஒவ்வொரு லீவுக்கும் என் வண்டிலதான் போவோம். அப்பாக்குக் கோவம் வரும், சித்திக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லுவான்."

கஷ்டமாக இருந்திருக்குமா? இருந்திருக்கும். ஒரு வாரம் சரியாகப் பேசியிருக்க மாட்டேன். அவனுக்கு என்னைத் தெரியும். பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். இவ்வளவு பக்கத்திலா இருந்தாள். இத்தனை வருடம் ஒரு பிள்ளை, யாருக்கும் நோகாமல் இரண்டு வீட்டுக்கு நடுவில் நடந்திருக்கிறான். அதை நினைத்தால் கோபம் எங்கிருந்து வரும்?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பாசித்தோடு பாரிவாக்கம் போனேன். புதிய அபார்ட்மெண்டுகளுக்குப் பின்னால் பழைய ஓட்டு வீடுகள் கொஞ்சம் இருக்கின்றன. ராணி அங்கே தனியாக இருக்கிறாள். அபார்ட்மெண்டில் இருக்கும் பையன்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறாள். கதவைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் கையை மூடிக்கொண்டு நின்றவள்.

"வா யக்கா. நீ வருவேன்னு தெரியும். எப்பன்னுதான் தெரியாது" என்றாள்.

கையில் என்ன வைத்திருந்தாய் என்றுதான் முதலில் கேட்டேன். அரிசியாம். வாய்க்கரிசி. தாய் என்று சொன்னால் உள்ளே விடுவார்கள் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவள் சொல்லவில்லை.

"அங்க ஒரு அம்மா இருக்கும்போது நான் போயி நானும் அம்மான்னா, புள்ளைய வெச்சிகினு சண்டையாப் பூடும். அவனுக்கு அது புடிக்காது. ஊட்டுக்கு எத்தாந்து உலைல போட்டு, காக்காய்க்கு வெச்சேன்."

பெட்டியைத் திறக்கவில்லை, நாங்களும் மூடியின் மேல்தான் போட்டோம் என்றேன். அது அவளுக்குத் தெரியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்ப யாரும் போடலியா" என்றாள்.

இருதயராஜின் நன்றியைச் சொன்னேன். கடற்கரைக்காரர் சொன்ன நன்றி. கடைசியாக அபி சொன்னதையும் சொன்னேன். இன்னொரு வாட்டி சொல்லு என்றாள். சொன்னேன். அபி மாதிரியே சொல்லு என்றாள். திருநெல்வேலிக்காரி நான், என்னால் முடிந்தவரை 'உன் வவுத்துலதான் கீது' என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உனக்கு வரவேயில்ல யக்கா" என்றாள். நானும் சிரித்தேன். அவன் போன பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

டப்பாவைக் கொடுத்தேன். என்னுடையது காலியாக வந்தது என்றும் சொன்னேன், ஏன் சொன்னேனோ.

"பாத்தியா. உன்துதான் புடிச்சிருக்கு. நம்மள்து மீந்து கீது."

அவளுக்கு அப்படித் தெரிகிறது. எனக்கு வேறு மாதிரி தெரிந்தது.

மூடியைத் திறந்து, விரல் நுனியால் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "உப்பு கம்மி. அவன் சொல்லவேயில்ல பாரு."

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "வந்தான்னா உன் பேச்சுதான். சித்தி லைப்ரரில இன்னா பண்ணாங்க, யார அதட்டுனாங்க, எல்லாம் எனக்குத் தெரியும். நல்லா வெச்சிருந்த யக்கா. நான் சொல்லணும்னு இருந்தேன். எப்புடி வந்து சொல்றது உங்க ஊட்டுக்கு?"

நன்றி கொடுக்கப் போனேன். வாங்கிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 2

பெட்டியில் இருந்த இன்னொரு டப்பா எங்கே என்று ஜெயராமன் கேட்டார். திறந்து பார்த்திருக்கிறார்! எப்போது? செய்தவர்களிடம் கொடுத்துவிட்டேன் என்றேன். யாரிடம் என்று கேட்கவில்லை. சைனம்புவிடம் என்று நினைத்திருப்பாரோ? அப்படித் தோன்றவில்லை. நெடுநேரம் பால்கனியில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அக்டோபர் 20

தீபாவளி. நாங்கள் கொண்டாடவில்லை. ஆட்டோக்காரர்கள் எங்கள் வாசலுக்கு எதிரே யாரையும் வெடிக்க விடவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

அபிக்குப் பதக்கம் அறிவித்திருக்கிறார்கள். வடக்கே ஜனவரியில் விழா. வீட்டிலிருந்து இரண்டு பேர் வரலாம், ஒருவர் மேடைக்கு வந்து வாங்க வேண்டும், பெயர்களைச் சொல்லுங்கள் என்று அதிகாரி போனில் பேசினார். அடுத்த மாதம் எட்டாம் தேதி மறுபடி கூப்பிடுவார்.

"நீதான் வாங்கணும்" என்றார் ஜெயராமன். "என்னால மேடைல நிக்க முடியாது. நீதான அவனுக்கு அம்மா." பதினைந்து வருடத்தில் இவரும் இன்றுதான் அப்படிச் சொல்கிறார். காபி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எழுதக் கூடாது. மிகவும் சந்தோஷமாக இருந்தது. அந்த மேடையை, என் பச்சைப் புடவையை, நான் நடந்து போவதை, எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

ராணி போன் செய்தாள். பாசித் சொல்லியிருக்கிறான். "நல்லா வாங்கினு வா யக்கா. டிவில காட்டுவாங்களா?"

காட்டுவார்கள் என்று நினைக்கிறேன் என்றேன்.

"அப்ப சரி. அன்னிக்கு ஒண்ணுமே தெரியல, முன்னாடி ஒரே தல. டிவில கிட்டக்க பாக்கலாம்ல."

பையன்களுக்குச் சாப்பாடு கட்ட நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் மிளகாய் வாங்கி வந்து, கழுவி, துணியில் பரப்பினேன். புளி ஊறுகிறது. விழாவுக்கு இருதயராஜும் செக்‌ஷன் பையன்களும் வருவார்களாம். கொடுத்தனுப்ப வேண்டும். ராணியிடமும் ஒரு டப்பா கேட்க வேண்டும், இந்தத் தடவை உப்பு சரியாகப் போட்டு.

அபி என்னிடம் வந்தபோது எட்டு வயது வரை வளர்ந்திருந்தான். நடக்கவும் பேசவும் சிரிக்கவும் யாரோ கற்றுக்கொடுத்து அனுப்பிய பிள்ளை. அதற்கு நான் யாருக்கும் நன்றி சொன்னதே இல்லை. யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இருந்தது. இப்போது தெரியும்.

நாளை அதிகாரி கூப்பிடுவார். ஜெயராமன், ராணி என்று இரண்டு பெயர்களைச் சொல்லப் போகிறேன். மேடைக்கு வருவது யார் என்று கேட்டால், ராணி, அபிஷேக்கின் அம்மா என்று சொல்வேன். நான் சென்ட்ரல் வரை போய் ரயிலேற்றிவிட்டு, பஸ் பிடித்து லைப்ரரிக்கு வருவேன்.

இவர் கத்துவார். இரண்டு நாள் சாப்பிட மாட்டார். பிறகு ஒருவேளை பால்கனியில் போய் நிற்பார். ராணியும் வேண்டாம் என்பாள். இருவரிடமும் நாளை ராத்திரிதான் சொல்ல வேண்டும், பெயர் கொடுத்த பிறகு.

டப்பாவை ஜன்னல் திட்டில் கவிழ்த்திருக்கிறேன். இன்று வெயில் குறைவு. நாளைக்குள் காய்ந்துவிடும்.